மருந்து ஐந்து நாள், மீதி நாளெல்லாம் நர்ஸ்: ஜிபிஎஸ், சிஐடிபி நோயாளிகளைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜிபிஎஸ் (கில்லன்-பாரே சிண்ட்ரோம்) என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கி, கை கால் தளரச் செய்யும் நோய். அந்த நோயாளிக்கு ஐவிஐஜி என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஐந்து நாளில் ஏற்றி முடிந்துவிடும். ஆறாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "மருந்து முடிஞ்சாச்சு, இனி காத்திருந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார். அவர் சொல்வது சரிதான். அந்தக் காத்திருப்பு சில வாரம் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம். அதை ஷிப்ட் ஷிப்டாகச் சுமப்பவர் நர்ஸ்.

நரம்பியல் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் குடும்பத்தாரும் படிக்கலாம், மருந்துக் கணக்குகளை மட்டும் தாண்டிவிடுங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்த நோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற சிறப்பு நர்ஸ்கள் உண்டு. நம்மூரில் அந்தப் பதவியைப் பார்ப்பது அரிது. பதவி இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது, யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

முதலில்: நோயைச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்

1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் கை கால் தளர்ந்த இரண்டு ராணுவ வீரர்களைப் பற்றி எழுதினார்கள். முதுகுத்தண்டு நீரில் புரதம் ஏறியிருந்தது, அணுக்கள் ஏறவில்லை. அதுதான் அவர்கள் கண்ட புதுமை. நோய்ப் பெயரில் ஸ்ட்ரோல் மட்டும் விடுபட்டுப் போனார், பாவம்.

நடப்பது இதுதான். ஒரு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வருகிறது. கிருமியை அடிக்க உடம்பு எதிர்ப்புப் பொருள்களைச் செய்கிறது. கேம்பைலோபேக்டர் என்ற வயிற்றுக் கிருமியின் மேல்தோலில் இருக்கும் சர்க்கரை அமைப்பு, நம் நரம்பின் மேல் இருக்கும் ஒரு பொருளைப் போலவே இருக்கும். கிருமிக்கு விழ வேண்டிய அடி நரம்புக்கும் விழுகிறது. 2025 தொடக்கத்தில் புனேயில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஜிபிஎஸ் வந்தபோது கெட்ட தண்ணீர் மீது சந்தேகம் விழுந்ததும் இதனால்தான். சாதாரணக் காலத்தில் இது ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர், இருவருக்கு வரும் நோய்.

ஜிபிஎஸ் வேகமாக வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்திலும், மிஞ்சிப்போனால் நான்கு வாரத்திலும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். எட்டு வாரத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால், அல்லது ஏறி இறங்கி ஏறினால், அது சிஐடிபி என்ற நீண்டகால வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிஐடிபிக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும், ஜிபிஎஸ்ஸுக்குப் பயன் தராது. "பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரையிலேயே சரியாச்சாமே, எங்களுக்கு ஏன் தரலை?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

குடும்பத்தாரிடம் "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரங்கள் அந்தச் சொல்லை வேறு எங்கேயோ கொண்டுபோய்விட்டன. "வாதம்" என்றாலும் பக்கவாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்க்கக் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்வது இப்படி: "கரண்டு ஒயருக்கு மேல ரப்பர் உறை இருக்கும்ல, அதுமாதிரி நரம்புக்கும் உறை இருக்கு. அது உரிஞ்சிருக்கு. மூளை நல்லா இருக்கு. உறை திரும்ப வளரும், ஆனா மெதுவாத்தான் வளரும்." உள்நரம்பே அடிபடும் வகையும் உண்டு, அதில் தேறுவது தாமதம். அது பரிசோதனையில் தெரிந்த பிறகு சொன்னால் போதும்.

வந்த முதல் மணி நேரம்

கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய முதல் தகவல் பலவீனம் தொடங்கிய தேதி. "நாலஞ்சு நாளா" என்பார்கள். விடாதீர்கள். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனீங்களே, அன்னைக்குப் படி ஏறினீங்களா?" என்று பிடித்துக் கேளுங்கள். தொடங்கி எத்தனை நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதை வைத்தே வென்டிலேட்டர் தேவைப்படுமா என்று கணக்கிடும் முறை உண்டு. இரண்டு நாளில் படுத்தவருக்கு ஆபத்து அதிகம், இரண்டு வாரத்தில் மெல்ல வந்தவருக்குக் குறைவு.

அடுத்து, வேறு நோய் ஜிபிஎஸ் வேஷம் போட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடிப்பது டாக்டர் வேலைதான், ஆனால் ஊர்க்கதையெல்லாம் நம்மிடம்தான் முதலில் வரும். தரையில் படுத்துத் தூங்கி, விடிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் போனால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம், கடித்த தடம் தெரியாமலே இருக்கும். ஜிபிஎஸ் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும், பாம்பு விஷம் கண்ணில் தொடங்கி கீழே இறங்கும். வயலில் மருந்தடித்தாரா, பேதிக்குப் பிறகு பொட்டாசியம் இறங்கியிருக்கிறதா, இடுப்புக்குக் கீழே கோடு போட்டது போல உணர்ச்சி போயிருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது முதுகுத்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு அவசரம் வேறு.

நோயாளிக்கு 15 வயது ஆகவில்லையா? அப்படியென்றால் இன்னொரு வேலை இருக்கிறது, பலரும் மறப்பது. திடீர்த் தளர்வாதம் என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். பலவீனம் தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் வந்தது. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தச் சான்று நிலைத்திருப்பது இந்த மல டப்பாக்களால்தான். மலச்சிக்கலோடு படுத்திருக்கும் குழந்தையிடம் மாதிரி வாங்குவது பெரும்பாடு, முதல் நாளே டப்பாவைக் கட்டிலடியில் வைத்துவிடுங்கள்.

மூச்சு: உங்கள் வேலையில் பாதி இதுதான்

நூறு ஜிபிஎஸ் நோயாளிகளில் இருபது முப்பது பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். அதை நடு ராத்திரி ஓட்டமும் அலறலுமாகச் செய்யாமல், மாலையிலேயே ஐசியூவுக்கு மாற்றி நிதானமாகச் செய்யலாம். எது நடக்கும் என்பது நீங்கள் எழுதி வைத்த எண்களைப் பொறுத்தது.

ஆக்சிமீட்டரை நம்பி உட்காராதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு இளைஞர். விரலில் 98 காட்டிக்கொண்டிருந்தது. நானும் "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கியதை, கூச்ச சுபாவம் என்று நினைத்துவிட்டேன். இரவு ட்யூட்டிக்கு வந்த சீனியர் சிஸ்டர் பார்த்தவுடனே ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். 11-ல் நின்றுவிட்டது. காலையில் 24 என்று யாரோ ஷீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்கள், நான்தான் அதைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் குழாய் போட்டோம். இந்த நோயில் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், அதை இழுக்கும் தசைதான் சோர்கிறது. ஆக்சிஜன் எண் கடைசி நேரத்தில்தான் விழும். மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டால் இன்னும் தாமதமாக விழும்.

ஒரே மூச்சு எண்ணிக்கையை இப்படிச் செய்யுங்கள். தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வையுங்கள். நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, நொடிக்கு இரண்டு எண் வேகத்தில், ஒண்ணு ரெண்டு மூணு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடம்புக்காரர் 40, 50 வரை போவார். 20-க்குக் கீழே வந்தால் டாக்டரைக் கூப்பிடும் நேரம். நம் மொழிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. "இருபத்தி ஏழு" என்பதற்குச் செலவாகும் மூச்சு வேறு, "ட்வென்டி செவன்" என்பதற்கு வேறு. அதனால் முதல் நாள் எந்த மொழியில், எந்த வேகத்தில் எண்ணினாரோ அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். மொழியையும் ஷீட்டில் எழுதுங்கள். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதுதான் பயன், புத்தகத்து எண் இரண்டாம் பட்சம்.

மூச்சளவு பார்க்கும் ஸ்பைரோமீட்டர் இருந்தால் 20, 30, 40 என்ற மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முழு மூச்சின் அளவு கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே, இழுக்கும் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைக்கூட எட்டாமல், ஊதும் அழுத்தம் 40-க்குக் கீழே. இதில் எது வந்தாலும், அல்லது மூச்சளவு முதல் நாளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், ஐசியூ. 60 கிலோ உள்ளவருக்கு 1,200 மி.லி. என்று கட்டில் அட்டையிலேயே எழுதி வையுங்கள், ராத்திரி மூன்று மணிக்கு யாருக்கும் பெருக்கல் வராது. முகத் தசை தளர்ந்தவருக்கு உதடு ஒட்டாமல் காற்று கசிந்து எண் பொய்யாகக் குறையும். உதட்டை உங்கள் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது மாஸ்க் வைத்து அளங்கள்.

கருவி எதுவும் இல்லாவிட்டால் கழுத்தைப் பாருங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் மூச்சுத் தசையும் அதே நிலையில்தான் இருக்கும். நெற்றி வியர்வை, எச்சில் ஒழுகல், தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், மூச்சிழுக்கும்போது வயிறு உள்ளே போவது ஆகியவையும் எச்சரிக்கைதான். நோய் ஏறிக்கொண்டிருக்கும் நாள்களில் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒரு முறை அளங்கள். எண் இறங்கத் தொடங்கினால் மணிக்கு ஒரு முறை.

குழாய் போடும் நேரத்தில் டிரேயில் சக்சமெத்தோனியம் என்ற தசை தளர்த்தும் மருந்து இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்: "சார், இவங்களுக்கு ஜிபிஎஸ்." நரம்புத் தொடர்பு அறுந்த தசையில் அது பொட்டாசியத்தைக் கொட்டி இதயத்தையே நிறுத்திவிடும். மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும்தான். ஆனால் அவசரத்தில் ஓடி வந்தவருக்கு நோயின் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதயமும் இரத்த அழுத்தமும் ஆடும் ஆட்டம்

தானாக இயங்கும் நரம்புகளும் அடிபடும். அழுத்தம் காலையில் 190, மதியம் 80 என்று ஆடும். ஏறியதைப் பார்த்து உடனே மருந்து கொடுத்துவிட்டால், இறங்கும்போது பாதாளத்துக்குப் போகும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சீக்கிரம் அடங்கும் மருந்தைக் குறைந்த அளவில் டாக்டர் தேர்ந்தெடுப்பார். நீங்கள் முதலில் மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா, வலி இருக்கிறதா, கால் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அழுத்தம் அதற்காகத்தான் ஏறியிருக்கும்.

சக்‌ஷன் (சளி உறிஞ்சுதல்) செய்யும்போது இதயத் துடிப்பு சட்டென்று 30-க்கு விழலாம், நின்றும் போகலாம். முன்கூட்டி ஆக்சிஜன் கொடுத்து, மானிட்டரைப் பார்த்தபடி, பத்து நொடிக்குள் முடியுங்கள். துடிப்பை ஏற்றும் அட்ரோபின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். படுத்திருப்பவரைச் சட்டென்று உட்கார வைக்காதீர்கள்.

ஐவிஐஜி ஏற்றும் நாள்

ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து (இரத்தத்தின் நீர்ப்பகுதி) எடுத்த எதிர்ப்புப் புரதம் அந்தப் பாட்டிலில் இருக்கிறது. ஒரு பாட்டில் விலையே ஆயிரக்கணக்கில். கை தவறி உடைத்துவிட்டுத் தலைமை நர்ஸ் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும்.

அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 60 கிலோவுக்கு 24 கிராம். 5 கிராம் பாட்டில்களாக வருவதால் 25 கிராம், அதாவது ஐந்து பாட்டில் என்று டாக்டர் முழுமைப்படுத்துவார். எடையைக் கேட்டு எழுதாதீர்கள், எடை போடுங்கள். நிற்க முடியாதவரென்றால் ஸ்ட்ரெச்சர் எடைமேடை. அதுவும் இல்லையென்றால் "ஊகம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஏற்றும் முன்:

1. கிரியேட்டினின், ஹீமோகுளோபின், இரத்த வகை பார்த்தாகிவிட்டதா? ஏ, பி, ஏபி வகைக்காரர்களுக்குச் சிவப்பணு உடைவது அதிகம். பிறகு மூத்திரம் கறுத்தாலோ முகம் வெளுத்தாலோ இதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.
2. தேவையான இரத்த மாதிரிகளை முன்பே எடுத்துவிட்டீர்களா? ஏற்றிய பிறகு எடுத்தால், கொடையாளிகளின் எதிர்ப்புப் பொருள்கள் சேர்ந்து மஞ்சள்காமாலைப் பரிசோதனைகூடப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.
3. உடம்பில் நீர் போதுமா? வறண்ட உடம்பில் ஏற்றினால் சிறுநீரகத்துக்கும் கெடுதி, இரத்தம் உறையவும் வாய்ப்பு.
4. பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்து அறை வெப்பத்துக்கு வந்துவிட்டதா? வெந்நீரில் போடக் கூடாது. குலுக்கவே கூடாது, நுரைத்துவிடும். கலங்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.
5. பேட்ச் எண் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள், ஐந்து பாட்டிலுக்கும்.

5 சதவீத மருந்தென்றால் 25 கிராம் என்பது 500 மி.லி. முதல் அரை மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி., அதாவது 60 கிலோவுக்கு மணிக்கு 30 மி.லி. பம்ப் இல்லாத வார்டென்றால் சாதாரண டிரிப் செட்டில் நிமிஷத்துக்கு 10 சொட்டு. ஒன்றும் ஆகவில்லையென்றால் இரண்டு மடங்கு, அப்புறம் பாட்டிலோடு வரும் தாளில் சொன்ன உச்சம் வரை படிப்படியாக. மொத்தம் நான்கைந்து மணி நேரம் ஆகும். வேறு எந்த மருந்தையும் அதே லைனில் கலக்காதீர்கள். 10 சதவீத மருந்து வந்தால் கணக்கு மாறும், பாட்டிலைப் படிக்காமல் நேற்றைய வேகத்தை வைக்காதீர்கள்.

குளிர், நடுக்கம், தலைவலி, முதுகுவலி வந்தால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மூச்சிரைப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, அழுத்தம் விழுவது என்றால் நிறுத்திவிட்டு அட்ரினலின். மறுநாள் கழுத்து விறைப்போடு பலமான தலைவலி வந்தால் கிருமியில்லாத மூளையுறை அழற்சியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் இரத்தக்கட்டி என்று நினையுங்கள்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்னொன்று. சில ஐவிஐஜி மருந்துகளில் மால்டோஸ் இருக்கும். சில வகை குளுக்கோமீட்டர் பட்டை அதைக் குளுக்கோஸ் என்றே எண்ணி, இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் நோயாளி மயங்கிவிடுவார். சந்தேகமிருந்தால் லேபுக்கு அனுப்புங்கள்.

பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும் ஐவிஐஜி அளவுக்குப் பலன் தருவதுதான். இரண்டு வாரத்தில் ஐந்து தடவை செய்வது வழக்கம். அப்போது உதடு விறுவிறுத்தால் கால்சியம் இறங்குகிறது என்று பொருள். நோயாளிக்கு ஏற்கெனவே விறுவிறுப்பு இருப்பதால், "எப்பவும் இருக்கிறதுதானா, இப்ப புதுசா உதட்டைச் சுத்தியா?" என்று கேட்டுப் பிரியுங்கள். அன்றைய மாத்திரைகளைப் பிளாஸ்மா மாற்றி முடிந்த பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் அவையும் பையில் போய்விடும். ஐவிஐஜி ஏற்றிய கையோடு பிளாஸ்மா மாற்றினால் ஏற்றியதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பதும் அதே கணக்கு. கருவி இல்லாத இடங்களுக்காக வங்கதேசத்தில் ஒரு எளிய முறையை முயன்று பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தைப் பையில் எடுத்து, அணுக்கள் தானாக அடியில் படிந்ததும் அவற்றை மட்டும் திருப்பி ஏற்றுவார்கள், மேலே நிற்கும் பிளாஸ்மாவை விட்டுவிடுவார்கள்.

"இன்னொரு கோர்ஸ் ஏத்தலாமா சிஸ்டர், நகையை வச்சுடறோம்" என்று கேட்பார்கள். தேறுவது தாமதமாகும் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு இரண்டாம் கோர்ஸ் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021-ல் வந்தது. கூடுதல் பலன் இல்லை, இரத்தக்கட்டி போன்ற தொல்லைகள்தான் கூடின. நகையை வைக்கும் முன் டாக்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இந்தச் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும் என்று காப்பீட்டு கவுண்டரில் முதல் நாளே விசாரிக்க அனுப்புங்கள்.

அசையாத உடம்பு

முகத் தசை தளர்ந்தால் கண் மூடாது. தூங்கும்போதும் வெள்ளை விழி தெரியும். ஜெல் போட்டு, இமையை மெதுவாக மூடி டேப் ஒட்டுங்கள். விழி காய்ந்து, நடை திரும்பியும் பார்வை மங்கிப் போனால் என்ன சொல்லித் தேற்றுவது?

விழுங்கிப் பார்க்காமல் வாயில் எதையும் கொடுக்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். கணுக்கால் தொங்காமல் தாங்கு வையுங்கள், முழங்கையும் முழங்காலின் வெளிப்பக்கமும் கட்டில் கம்பியில் அழுந்தாமல் பாருங்கள், அங்கே நரம்பு தோலுக்கடியிலேயே ஓடுகிறது. இரத்தக்கட்டியைத் தடுக்கும் ஊசியைத் தவற விடாதீர்கள். வயிறு உப்பினால், குடல் சத்தம் இல்லாவிட்டால் உடனே சொல்லுங்கள்.

வலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். மூன்றில் இரண்டு பேருக்கு வலி உண்டு. சிலருக்குப் பலவீனத்துக்கு முன்பே முதுகுவலி வந்திருக்கும். கையைத் தூக்க முடியாதவருக்கு எப்படி வலிக்கும் என்று புது நர்ஸ்கள் குழம்புவார்கள். தூக்கும் நரம்பு வேறு, உணரும் நரம்பு வேறு. போர்வை பட்டாலே எரிகிறது என்று ஒருவர் சொன்னால் அது நடிப்பில்லை. போர்வை படாமல் கால்மாட்டில் வளைவுக் கம்பி வையுங்கள். கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்து எழுதியிருந்தால் நேரம் தவறாமல் கொடுங்கள்.

பேச முடியாதவரோடு பேசுவது

வென்டிலேட்டரில் இருக்கும் ஜிபிஎஸ் நோயாளிக்கு மூளை முழுதாக விழித்திருக்கிறது. நீங்கள் கட்டிலுக்கு மேலே நின்று பேசிக்கொள்ளும் வம்பு, "இந்தக் கேஸ் தேறாதுப்பா" என்ற முணுமுணுப்பு, எல்லாம் கேட்கும். பல மாதம் கழித்து நடந்து வந்து, "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே சிஸ்டர்" என்று கேட்டவர்கள் உண்டு.

தொடும் முன் சொல்லுங்கள்: "ஐயா, இப்ப இடது பக்கமா திருப்பப் போறோம்." ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு. கண்ணும் மூடாதவருக்குப் பார்வையை மேலே கீழே நகர்த்துவது, அல்லது எந்த விரல் கொஞ்சம் அசைகிறதோ அது. அந்த அடையாளத்தைக் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள், ஷிப்டுக்கு ஒரு மொழி வேண்டாம்.

ஆங்கில எழுத்து அட்டையில் 26 எழுத்துதான். நமக்கு 247, அட்டையில் அடுக்கினால் விடிந்துவிடும். பள்ளி இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. "வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேளுங்கள், ஒவ்வொன்றிலும் ஆறே எழுத்து. வல்லினம் என்று சிமிட்டினால் க, ச, ட, த என்று சொல்லிக்கொண்டே போங்கள். உயிரெழுத்தைப் பெரும்பாலும் கேட்கவே வேண்டாம். "த", "ண" இரண்டும் வந்ததும் தண்ணீர் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். படிக்காதவருக்குப் படம்: வலி, தண்ணீர், திருப்பு, சளி எடு, மின்விசிறி, பயமாக இருக்கிறது. கடைசிப் படத்தை மறக்காதீர்கள், அதிகம் சிமிட்டுவது அதற்குத்தான். பக்கத்தில் ஒரு கடிகாரமும் தேதி கிழிக்கும் காலண்டரும் இருந்தால் நல்லது.

குடும்பத்தாரிடம் என்ன சொல்வது

ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் துணையின்றி நடப்பார்கள். மீதி இரண்டு பேரில் பலருக்கு அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. நல்ல சிகிச்சை இருந்தும் நூற்றில் சில உயிர்கள் போவதும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். "எப்ப எழுந்து நடப்பார்?" என்பதற்குத் தேதி சொல்லாதீர்கள். சொன்ன தேதி தாண்டிய அன்று உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். "இந்த வாரம் கட்டைவிரல் அசைஞ்சுது, ஷீட்டில் எழுதியிருக்கேன், பாருங்க" என்று எழுதியதைக் காட்டுங்கள்.

மகளோ மனைவியோ கூட இருந்தால் வேலை கொடுங்கள். மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவது, கண்ணுக்கு ஜெல், செய்தித்தாள் வாசிப்பது. சும்மா உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பயம்தான் ஏறும்.

தடுப்பூசி பற்றிக் கேட்பார்கள். 1976-ல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்ட பிறகு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் ஜிபிஎஸ் கூடியது உண்மை. அதை வைத்து எல்லா ஊசியையும் ஒதுக்க வேண்டியதில்லை. எந்த ஊசியாவது போட்ட ஆறு வாரத்துக்குள் நோய் வந்திருந்தால் அந்த ஊசியைத் திரும்பப் போடுவதற்கு முன் நரம்பியல் டாக்டரிடம் கேட்கட்டும். ஐவிஐஜி ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு, சிஐடிபியின் நீண்ட பாதை

பத்தில் ஒரு ஜிபிஎஸ் நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போதே, முதல் எட்டு வாரத்துக்குள், மறுபடி சறுக்குவார். சறுக்கல் திரும்பத் திரும்ப வந்தாலோ எட்டு வாரத்துக்குப் பிறகும் ஏறினாலோ அது சிஐடிபியாக இருக்கலாம். ஜிபிஎஸ் என்று தொடங்கியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அப்படி மாறுவார்கள். "மாடிப்படி நேத்து ஏறினேன், இன்னைக்கு முடியலை" என்றால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

அசதியைப் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். நடை முழுதாகத் திரும்பியவர்களுக்கும் அசதி வருஷக்கணக்கில் இருக்கலாம். வீட்டில் "சோம்பேறியாயிட்டான்" என்ற பேச்சு வரும் முன்பே, இது நோயின் மிச்சம் என்று மாமியாரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நீடித்த பாதிப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீண்டகால நரம்பு நோய்களும் இருக்கின்றன.

சிஐடிபிக்கு ஸ்டீராய்டு, ஐவிஐஜி, பிளாஸ்மா மாற்றம் மூன்றும் உண்டு. ஐவிஐஜி என்றால் முதலில் கிலோவுக்கு 2 கிராம், பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 1 கிராம் என்பது பரவலான தொடக்கம். எதிர்ப்புப் பொருள்களை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும் எஃப்கார்டிகிமாட் என்ற ஊசிக்கு 2024-ல் அமெரிக்கா சிஐடிபிக்காக அனுமதி கொடுத்தது. நம் வார்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். அதை நோயாளி தானாக நிறுத்திவிடாமல் பார்ப்பது, சர்க்கரை, அழுத்தம், எலும்பு, கண் பரிசோதனை, இவையெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

அந்த நோட்டுதான் சிஐடிபி நர்ஸின் ஆயுதம். பிடிவலுவை அளக்கும் கருவி இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே கையில், அதே நேரத்தில் அளங்கள். வெளிநாட்டுக் கேள்விப் பட்டியல்களும் உண்டு. ஆனால் எனக்கு அதிகம் உதவியவை நம்மூர்க் கேள்விகள்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறதா? புடவைக் கொசுவம் மடிக்க வருகிறதா? நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரிகிறதா, இல்லை பத்தடி போன பிறகு யாராவது சொல்லித் தெரிகிறதா?

ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஐவிஐஜிக்கு ஐந்து நாள் இருக்கும்போதே செருப்பு கழலத் தொடங்குகிறது என்று மூன்று மாதமும் ஒரே மாதிரி வந்தால், மருந்து இடைவெளி முடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தை டாக்டர் முன்னால் விரித்து வையுங்கள். இடைவெளியைக் குறைப்பதா அளவைக் கூட்டுவதா என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.